லாக் கொடுத்த சிறுநீரகம்: தொடர்களுக்குள் ஒளிந்திருக்கும் தத்துவத்தையும் வரலாற்றையும் கண்டுபிடிப்பது எப்படி

'லாஸ்ட்' தொடரின் முதல் சீசன், 19வது எபிசோட். நடு வயதுக்காரரான ஜான் லாக், இதுவரை பார்த்தே இராத அப்பாவைச் சந்திக்கிறார். அப்பாவின் பெயர் ஆன்டனி கூப்பர். பெரிய வீடு, வேட்டைக்குப் போகும் பழக்கம், கனிவான பேச்சு. அவருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று தெரிந்ததும் மகன் தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறார். அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தால் பக்கத்துக் கட்டில் காலி. வேண்டியது கிடைத்ததும் அப்பா கிளம்பிவிட்டார். மகனை வீட்டுக்குள் விட்டதே அதற்காகத்தான்.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். ஜான் லாக், 1632இல் பிறந்து 1704இல் இறந்த ஆங்கிலத் தத்துவஞானி. மருத்துவமும் படித்தவர். அவரை ஆதரித்த பிரபுவின் பெயர் ஆன்டனி ஆஷ்லி கூப்பர். பின்னாளில் முதல் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு. 1668இல் கூப்பருக்கு ஈரலில் கட்டி வந்து உயிருக்கு ஆபத்தானபோது, அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்க வைத்து, கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் லாக். சீழ் வடிய வெள்ளிக் குழாய் பொருத்தினார்கள். கூப்பர் அதற்குப் பிறகு ஏறக்குறைய 15 ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஆக, வரலாற்றில் லாக் கூப்பரின் ஈரலைக் காப்பாற்றினார். தொடரில் கூப்பர் லாக்கின் சிறுநீரகத்தைப் பறித்துக்கொண்டார். பெயர் ஒத்துப்போகிறது, உடலுறுப்பு வருகிறது, ஆதரவு கொடுப்பவரும் பெறுபவரும் இடம் மாறுகிறார்கள். இது தெரிந்த பிறகு அந்தக் காலிக் கட்டிலைப் பார்ப்பது வேறு அனுபவம். கதைக்குள் வேலை செய்யும் குறிப்பு என்றால் இதுதான். 'ஒரு தத்துவஞானியின் பெயரை வைத்திருக்கிறார்கள்' என்று கண்டுபிடிப்பது பாதி வழிகூட இல்லை. அந்தப் பெயர் அங்கே என்ன செய்கிறது என்று பார்க்கும்வரை போக வேண்டும். அதற்கான முறையைத்தான் இங்கே சொல்கிறோம். விமானம் விழுந்து ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதையாக, 2004 முதல் 2010 வரை ஏபிசி தொலைக்காட்சியில் வந்த 'லாஸ்ட்' தொடரையே பயிற்சிக் களமாக வைத்துக்கொள்கிறோம். இப்படிப்பட்ட குறிப்புகளை அதைப் போல அள்ளித் தெளித்த தொடர் குறைவு. கதை முடிச்சுகள் எல்லாம் கீழே அவிழும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

உட்காரும் முன்

மூல மொழி ஒலியோடு, காது கேளாதோருக்கான ஆங்கில சப்டைட்டிலை வைத்துப் பாருங்கள். சாதாரண சப்டைட்டிலில் இல்லாதது இதில் இருக்கும்: திரைக்கு வெளியே பேசுபவரின் பெயர், பின்னணியில் ஓடும் வானொலி, முணுமுணுப்பு. பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டு நமக்கு மிக முக்கியம். காதால் மட்டும் கேட்டால் 'லாக்' நமக்குப் பூட்டுதான். எழுத்தில் பார்த்தால்தான் கடைசியில் ஓர் 'ஈ' தொங்குவது தெரியும். அந்த ஓர் எழுத்துதான் பூட்டைத் தத்துவஞானி ஆக்குகிறது. தமிழ் எழுத்தில் மட்டும் குறித்துக்கொண்டு பிறகு தேடினால் தவறான ஆளிடம் போய் நிற்பீர்கள்.

ஒரு நோட்டு வேண்டும். ஒரு எபிசோடுக்கு ஒரு பக்கம். பக்கத்தை நெடுவாக்கில் நான்கு பத்தியாகப் பிரித்தால் போதும்: நேரம், கண்டது அல்லது கேட்டது, அது யார் கையில் அல்லது வாயில், பிறகு தேட வேண்டியது. இரண்டாவது பத்தியில் உங்கள் விளக்கத்தை எழுதாதீர்கள். வசனத்தை அப்படியே எழுதுங்கள். 'பேக்கேமன் பலகையைக் காட்டி, இரண்டு ஆட்டக்காரர்கள், இரண்டு பக்கங்கள், ஒன்று வெளிச்சம், ஒன்று இருட்டு என்று லாக் சிறுவன் வால்ட்டிடம் சொல்கிறார்' என்பது பதிவு. 'நன்மை தீமைப் போராட்டம்' என்பது விளக்கம். விளக்கத்தை முதலிலேயே எழுதிவிட்டால் பிறகு அதற்குப் பொருந்துவது மட்டுமே கண்ணில் படும். நேரத்தோடு காட்சியையும் ஒரு வார்த்தையில் குறியுங்கள். டிஸ்க், ஓடிடி, தொலைக்காட்சி என்று பதிப்புக்குப் பதிப்பு, முன்கதைச் சுருக்கம் வெட்டப்படுவதால் நேரம் மாறும்.

முதல் தடவை பார்க்கும்போது நிறுத்தாதீர்கள், தேடாதீர்கள். கதை முடிச்சு வெளியே தெரிந்துவிடும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு: ரசிகர்கள் தொகுத்த பட்டியலை முதலில் படித்தால், உங்கள் கண் பார்ப்பதற்கு முன்பே அவர்கள் கண் பார்த்தது மனதில் உட்கார்ந்துவிடும். பிறகு அதைக் கிளப்பவே முடியாது. எங்கேயோ இடறுகிறது, இந்தச் சொல் இங்கே ஏன் என்று தோன்றினால் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு மேலே போங்கள்.

இரண்டாம் பார்வை கைபேசியில் வேண்டாம். புத்தக முதுகில் இருக்கும் எழுத்து தெரியாது. புத்தக அலமாரி, கரும்பலகை, பெயர்ப்பலகை, கப்பலின் பெயர், கல்லறைக் கல், சவப்பெட்டி, பழைய ஒளிச்சுருளின் தலைப்பு அட்டை இவற்றில் நிறுத்துங்கள். கேமரா நகரும்போது நிறுத்தினால் எழுத்து கலங்கலாகத்தான் வரும். நகர்வு அடங்கும் நொடிவரை காத்திருந்து நிறுத்த வேண்டும்.

அலமாரியில் தெரியும் ஒவ்வொரு புத்தகத்தையும் குறிக்க வேண்டியதில்லை. அரங்கப் பொருள்களைத் தேடி அடுக்குபவர்கள் கைக்குக் கிடைத்ததையும் அடுக்கியிருப்பார்கள். பாத்திரம் அதை எடுக்கிறதா, பெயரைச் சொல்கிறதா, கேமரா அதன்மேல் நிற்கிறதா? இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால் எழுதுங்கள். இரண்டாம் சீசனில் பாதாள அறைக்குள் ஒரு விளக்கப் படச்சுருள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' என்ற புத்தகத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று பெயர் சொல்லியே எடுக்கச் சொல்கிறார்கள். 1898இல் வந்த அந்தக் கதையில் பேய்கள் உண்மையா, அந்த வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல வந்த ஆசிரியையின் மனம் கட்டியதா என்று வாசகரால் கடைசிவரை முடிவு செய்ய முடியாது. அதன் பின்னாலிருந்து வரும் படச்சுருள் கிளப்பும் கேள்வியும் அதுவே: 108 நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தச் சொல்லும் இந்தப் பொத்தான் உண்மையிலேயே ஆபத்தைத் தடுக்கிறதா, அல்லது எல்லாம் மனசில்தானா? புத்தகம் ஒரு மூடி மாதிரி. மூடியிலேயே உள்ளே இருப்பதன் பெயர் எழுதியிருக்கிறது.

பெயர்களைச் சோதிப்பது

நம்மூர்ப் பார்வையாளருக்கு இதில் ஒரு தனித் தடை உண்டு. லெனின், சாக்ரடீஸ், இங்கர்சால் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பது நமக்குப் பழக்கம். வங்கியில் கணக்கு பார்க்கும் சாக்ரடீஸிடம் யாரும் நஞ்சுக் கோப்பையைப் பற்றிக் கேட்பதில்லை. இந்தப் பழக்கத்தால் திரையில் ஒரு ரூஸோ வந்தாலும் சட்டெனக் கடந்துவிடுகிறோம். நிஜ வாழ்க்கையில் பெயர் வைப்பது பெற்றோர். தொடரில் பெயர் வைப்பது கதையை முழுக்க அறிந்த எழுத்தாளர். அங்கே பெயரைக் கடந்து போகக் கூடாது.

சோதனைக்கு நம் மரபிலேயே நல்ல கருவி இருக்கிறது: இயற்கைக் காட்சிக்குள் வேறொரு பொருளை மறைத்துச் சொல்லும் உள்ளுறை. குறுந்தொகையின் 8ஆம் பாட்டில், வயலோரத்து மாமரத்திலிருந்து தானே விழுந்த பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊர் என்று தலைவனின் ஊர் சொல்லப்படுகிறது. பழம் யார், வாளை யார், முயற்சியில்லாமல் கிடைத்தது எது என்று ஒவ்வோர் உறுப்பாகப் பொருத்திப் பார்த்தால்தான், பேசுகிற பரத்தை 'நான் ஒன்றும் வலை வீசவில்லை' என்று சொல்வது கேட்கும். தொடர்ப் பெயருக்கும் அதே வேலைதான். பெயர் ஒன்று பொருந்தினால் போதாது. வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி, கருத்தில் ஒரு நிலைப்பாடு, உறவில் ஒரு முறை என்று இரண்டாவது, மூன்றாவது உறுப்பைத் தேட வேண்டும். நேராகப் பொருந்தலாம், தலைகீழாகவும் பொருந்தலாம். தலைகீழ்ப் பொருத்தத்தைத்தான் பெரும்பாலானவர்கள் தவறவிடுகிறார்கள்.

டானியேல் ரூஸோவை எடுத்துக்கொள்ளுங்கள். தீவில் 16 ஆண்டுகளாகத் தனியே வாழும் பிரெஞ்சுப் பெண். ஜான் ஜாக் ரூஸோ, 1712இல் ஜெனீவாவில் பிறந்தவர். மனிதன் இயற்கை நிலையில் நல்லவன், சமூகம்தான் அவனைக் கெடுக்கிறது என்று 1755இல் வந்த சமத்துவமின்மை பற்றிய நூலில் வாதிட்டவர். காட்டில் தனியாக அலையும் மனிதன் அவர் எழுத்தில் சாதுவானவன். தொடரின் ரூஸோ காட்டில் பொறி வைக்கிறாள், துப்பாக்கியோடு திரிகிறாள், உடன் வந்தவர்களுக்கு நோய் தொற்றிவிட்டது என்று நம்பி அவர்களைக் கொன்றவள். இயற்கை நிலை அவளைச் சாந்தமாக்கவில்லை. இது முதல் தலைகீழ். அடுத்தது இன்னும் வலிக்கும். தத்துவஞானி ரூஸோ தனக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் பாரிஸ் அனாதை இல்லத்தில் விட்டவர். அதைத் தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். தொடரின் ரூஸோவோ பிறந்து சில நாளே ஆன குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு 16 ஆண்டுகள் காத்திருப்பவள். நேர்ப் பொருத்தமும் ஒன்று உண்டு: பிற்காலத்தில் ரூஸோவை, எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற எண்ணம் ஆட்டிவைத்தது. 1766இல் தனக்கு அடைக்கலம் தேடித்தந்த தத்துவஞானி டேவிட் ஹியூமையே சதிகாரர் என்று குற்றம் சாட்டினார்.

எட்மண்ட் பர்க் என்ற பெயரும் தொடரில் வருகிறது: மருத்துவர் ஜூலியட்டின் முன்னாள் கணவர், பேருந்து மோதி இறப்பவர். பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790இல் எழுதிய, அதே பெயர் கொண்ட அரசியல் சிந்தனையாளரோடு இணைக்க முயன்றால் இரண்டாவது உறுப்பு எளிதில் சிக்குவதில்லை. இப்படிப்பட்டதைப் 'பெயர் மட்டும்' என்று எழுதிவிட்டு நகருங்கள். வலிந்து பொருத்தினால் அந்த ஓட்டை உங்கள் மொத்த வாசிப்பிலும் தெரியும்.

குறிப்பு யார் கையில் இருக்கிறது

நோட்டில் மூன்றாவது பத்தி எதற்கு என்றால் இதற்குத்தான். குறிப்பு எழுத்தாளருக்கும் நமக்கும் மட்டும் தெரியலாம். கதைக்குள் இருக்கும் ஒருவருக்கும் தெரியலாம். இரண்டும் வேறு.

தீவிலிருந்து வெளியே வரும் லாக்குக்குச் செல்வந்தர் சார்ல்ஸ் விட்மோர் ஒரு போலிக் கடவுச்சீட்டு தருகிறார். அதில் பெயர் ஜெரெமி பென்தம். அது ஒரு பிரிட்டிஷ் தத்துவஞானியின் பெயர் என்று அவரே சொல்கிறார். உங்கள் பெற்றோர் விளையாட்டாகப் பெயர் வைத்தார்கள், நான் வைக்கக் கூடாதா என்பதுபோல ஒரு பேச்சு. தொடர் தன் சாவியைத் தானே நம் கையில் கொடுக்கும் இடம் இது. இந்த ஒரு வசனத்தால் லாக் என்ற பெயரும் தற்செயல் இல்லை என்பது கதைக்குள்ளேயே உறுதியாகிறது.

பென்தம் ஏன்? 1748இல் பிறந்து 1832இல் இறந்தவர். அதிகம் பேருக்கு அதிக நன்மை தருவதே சரி என்ற பயன்வாதத்தின் முதல்வர். இயற்கை உரிமைகள் என்ற கருத்தை, பொய்க்கால் கட்டிய பிதற்றல் என்று அடித்தவர். அந்த இயற்கை உரிமைக் கருத்தின் பெரிய தூண் லாக். 'என்னால் முடியாது என்று என்னிடம் சொல்லாதே' என்று சீசன் சீசனாகக் கத்திய ஒருவர், எல்லாரையும் காப்பாற்றத் தன்னையே கொடுக்கும் பயணத்துக்குப் புறப்படும்போது, எதிர்முகாம் தத்துவஞானியின் பெயரைச் சுமந்துகொண்டு போகிறார்.

இதோடு நிற்காமல் பென்தமின் சாவையும் பாருங்கள். தன் உடலை அறுத்துப் பாடம் நடத்திய பிறகு, எலும்புக்கூட்டுக்குத் தன் உடைகளை மாட்டி உட்கார வைக்க வேண்டும் என்று உயில் எழுதியவர் அவர். தலையைப் பதப்படுத்தியது சரியாக அமையாததால் மெழுகுத் தலை வைத்தார்கள். உள்ளே வைக்கோல் அடைத்த அந்த உருவம் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் இன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தொடரில், நான்காம் சீசனின் கடைசிக் காட்சியில் சவப்பெட்டி திறக்கும்போது உள்ளே இருப்பது பென்தம் என்ற பெயரில் இறந்த லாக். அடுத்த சீசனில் அந்த உடலையும் விமானத்தில் ஏற்றித்தான் தீவுக்குத் திரும்புகிறார்கள். செத்த பிறகும் கூட்டத்தில் ஓர் ஆளாகக் கூட இருக்க வேண்டிய உடல். கடவுச்சீட்டுப் பெயர் என்று நினைத்தது சவப்பெட்டிவரை வந்து நிற்கிறது.

'பிரேக்கிங் பேட்' தொடரில் வால்டர் வைட் தனக்கு இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் பெயரை வைத்துக்கொள்வது இரண்டாம் வகை: வேதியியல் ஆசிரியரான பாத்திரமே தெரிந்து தேர்ந்தெடுத்தது, அவருடைய கர்வத்தைக் காட்டுகிறது. அதே தொடரில் 2013இல் வந்த 'ஓசிமாண்டியாஸ்' என்ற எபிசோட் தலைப்பு முதல் வகை. 1818இல் அச்சான ஷெல்லியின் கவிதையும், பாலைமணலில் உடைந்து கிடக்கும் இரண்டாம் ராம்சேஸின் சிலையும் வால்டரின் மனதில் இல்லை. பாலைவனத்தில் புதைத்த பணத்துக்கு என்ன ஆகப்போகிறது என்பதை அந்தத் தலைப்பு நமக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்கிறது.

பெயரே வராத குறிப்பு

சூழ்நிலையாக வரும் குறிப்புதான் பிடிக்கக் கடினம், பிடித்தால் பலன் அதிகம். 'தி குட் பிளேஸ்' தொடரில் கரும்பலகையில் தத்துவஞானி கான்ட்டின் பெயரை எழுதிப் பாடம் நடத்துவார்கள். ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவர்மேல் வண்டியைத் திருப்பலாமா என்று கேட்கும் டிராம் வண்டிச் சிக்கலை நிஜமாகவே ஓட்டிக் காட்டுவார்கள். அது 1967இல் பிலிப்பா ஃபுட் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அதையெல்லாம் பிடிக்கத் தனித் திறமை வேண்டாம், தொடரே சொல்லிவிடும். சொல்லாமல் விடுவது கதையின் அடித்தளத்தை: சித்திரவதைக்காரன் தேவையில்லை, சரியான ஆட்களை ஒன்றாக அடைத்து வைத்தால் ஒருவரை ஒருவர் வதைத்துக்கொள்வார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தரின் 1944ஆம் ஆண்டு நாடகம் இதே அமைப்பில் நிற்கிறது.

மீண்டும் பொத்தானுக்கு வருவோம். பாதாள அறையில் இருந்த டெஸ்மண்டின் முழுப்பெயர் டெஸ்மண்ட் டேவிட் ஹியூம், ஸ்காட்லாந்துக்காரர். தத்துவஞானி டேவிட் ஹியூமும் ஸ்காட்லாந்து, 1711இல் எடின்பரோவில் பிறந்தவர். காரணம், காரியம் என்று நாம் சொல்வதில் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்றன்பின் ஒன்றாக வருவது மட்டும்தான், இரண்டையும் கட்டும் கயிற்றை யாரும் பார்த்ததில்லை என்றவர். இத்தனை நாள் உதித்த சூரியன் நாளையும் உதிக்கும் என்பதற்குப் பழக்கம்தான் ஆதாரம் என்றவர்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். 108ஆல் வகுத்தால் 13.33. டெஸ்மண்ட் அந்த அறையில் இருந்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பொத்தான் அழுத்தப்பட்டிருக்க வேண்டியது 14,600 முறை. உலகம் அழியவில்லை. அழுத்தியதால் அழியவில்லையா, அழுத்தாவிட்டாலும் அழிந்திருக்காதா? 14,600 முறை செய்தாலும் பதில் கிடைக்காது. கயிறு தெரியாது என்று ஹியூம் சொன்னது இதைத்தான். இரண்டாம் சீசனின் முடிவில் டெஸ்மண்டுக்குப் பதில் கிடைப்பது, அழுத்தத் தவறிய ஒரே ஒரு நாளின் அச்சுத்தாளிலிருந்து: 2004 செப்டம்பர் 22. விமானம் விழுந்த நாள். அப்போதும் அவர் கையில் இருப்பது இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடந்தன என்பதுதான். அதைக் காரணம் என்று நம்பி உயிரைப் பணயம் வைக்கிறார். ஹியூம் என்ற பெயர்க்காரரைக் காரணத்தின்மேல் நம்பிக்கை வைக்க வைத்தது அருமையான எழுத்து.

அதே அறையின் விளக்கப் படத்தில் பி. எஃப். ஸ்கின்னர் பெயர் நேராகவே சொல்லப்படுகிறது. எலியைப் பெட்டிக்குள் விட்டு, நெம்புகோலை அழுத்தினால் தீனி விழும்படி வைத்துப் பழக்கத்தை ஆராய்ந்தவர். மூன்றாம் சீசனில் சாயர் கூண்டுக்குள் அடைபட்டு, சரியாக அழுத்தி மீன் பிஸ்கெட் வாங்கும் காட்சியைப் பார்க்கும்போது அந்தப் பெயர் நினைவுக்கு வர வேண்டும். ஒரு சீசனில் விதைத்தது அடுத்த சீசனில் முளைக்கிறது. நோட்டு வைக்காதவர் இதைத் தவறவிடுவார்.

எங்கே தவறு நடக்கிறது

முதல் தவறு, மேற்கோளை மூலத்தில் பார்க்காமல் பேசுவது. முதல் சீசனின் மூன்றாவது எபிசோடின் தலைப்பு 'டாபுலா ராசா'. உடனே லாக் சொன்னது என்று எழுதிவிடுவார்கள். அறிவு பற்றிய லாக்கின் நூலில், இரண்டாம் பகுதி முதல் அத்தியாயத்தில், மனதுக்கு அவர் சொல்லும் உவமை வெள்ளைத் தாள். எதுவும் எழுதப்படாத தாள். எழுதாத பலகை என்ற உவமை அரிஸ்டாட்டிலிடமே இருக்கிறது. 'டாபுலா ராசா' என்ற லத்தீன் சொற்றொடரின் நேர்ப்பொருள் சுரண்டித் துடைத்த மெழுகுப் பலகை. இந்த வேறுபாடு அந்த எபிசோடுக்கு மிகவும் முக்கியம். அது லாக்கின் கதை இல்லை, தேடப்படும் குற்றவாளியான கேட்டின் கதை. முன்னால் என்ன செய்தோம் என்பது முக்கியமில்லை, எல்லாரும் புதிதாகத் தொடங்கலாம் என்று ஜாக் அவளிடம் சொல்கிறார். அவள் வெள்ளைத் தாள் இல்லை. துடைத்த பலகை. சிலேட்டை எவ்வளவு துடைத்தாலும் பழைய எழுத்தின் தடம் மங்கலாகத் தெரியுமே, அதுதான் கேட். லாக்கின் உவமையைவிட லத்தீன் தலைப்பே அவளுக்குப் பொருந்துகிறது. மூலத்தைப் பார்க்காமல் இந்த இடத்துக்கு வர முடியாது. குறிப்பு எப்போதும் பெயரைச் சுமப்பவரிடமே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பதும் இதில் தெரிகிறது.

இரண்டாவது, நம் வீட்டுச் சாமானாகத் தெரிவதை நமதே என்று எடுத்துக்கொள்வது. தீவில் ஆய்வு நடத்திய அமைப்பின் பெயர் தர்மா. விளக்கப் படத்தில் நமஸ்தே என்கிறார்கள். 4, 8, 15, 16, 23, 42 என்ற எண்களைக் கூட்டினால் 108. நமக்கு மனம் துள்ளும்: ஜெபமாலை, திவ்ய தேசங்கள், எல்லாம் 108. ஆனால் அதே அமைப்பின் சின்னத்தைப் பாருங்கள். எண்கோணத்தைச் சுற்றியிருக்கும் கோடுகள் சீனத்தின் எட்டு முக்கோட்டுக் குறிகள். பெயர் சம்ஸ்கிருதம், சின்னம் சீனம், ஆட்கள் 1970களின் அமெரிக்கர்கள். இந்தக் கலவையே குறிப்பு: கிழக்கிலிருந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்துக் கோத்துக்கொண்ட ஒரு காலத்தின் அமெரிக்கா. மகாபாரதத்தைக் கொண்டுவந்து தர்மத்துக்கு விளக்கம் எழுதினால் தொடர் காட்டுவதை விட்டுவிட்டு நம் வீட்டையே பார்த்துக்கொண்டிருப்போம்.

மூன்றாவது, எண் மயக்கம். இதற்கு ரிச்சர்ட் ஆல்பர்ட் நல்ல எடுத்துக்காட்டு. தொடரில் வயதே ஆகாதவர், தீவுத் தலைவர்களுக்கு ஆலோசகர். வரலாற்றில் ரிச்சர்ட் ஆல்பர்ட் 1931இல் பிறந்த ஹார்வர்ட் உளவியலாளர். மனமயக்க மருந்து ஆராய்ச்சியால் 1963இல் வேலை போய், 1967இல் இந்தியாவுக்கு வந்து நீம் கரோலி பாபாவின் சீடராகி ராம் தாஸ் ஆனவர். பெயர், ஆன்மிக வழிகாட்டி என்ற நிலை, தர்மா அமைப்பின் அதே காலம்: மூன்று உறுப்பு பொருந்துகிறது, வலுவான குறிப்பு. தொடரின் ரிச்சர்ட் கப்பலேறும் ஆண்டு 1867. சரியாக நூறு ஆண்டு வித்தியாசம்! தொடரில் டேனியல் ஃபாரடே என்ற இயற்பியலாளர் வேறு வருகிறார். நிஜ மைக்கேல் ஃபாரடே இறந்ததும் 1867. கை பரபரக்கும். ஆனால் அதே தொடரில், ரிச்சர்டைச் சுமந்து வந்த 'பிளாக் ராக்' கப்பல் 1845இல் போர்ட்ஸ்மத்திலிருந்து புறப்பட்டதாக ஏலக் காட்சியில் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளும் எப்படி இசைகின்றன என்பதற்குத் தொடர் விளக்கமே தரவில்லை. அப்படி இருக்கும்போது அதன்மேல் மாடி கட்டக் கூடாது. ஆண்டு, எண், முதலெழுத்து இவை எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். வேறு உறுப்பு பொருந்திய பிறகே இவற்றைச் சேருங்கள்.

நோட்டில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு சொல் எழுதிவிடுங்கள். 'உறுதி': தொடரே சொல்கிறது, பென்தம், ஸ்கின்னர். 'வலு': ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு உறுப்பாவது பொருந்துகிறது, கூப்பர், ரூஸோ, ஆல்பர்ட். 'ஒற்றுமை': 1867. யாரிடமாவது சொல்லும்போதும் இந்தச் சொல்லோடு சேர்த்தே சொல்லுங்கள்.

நிஜ வரலாற்றையே கதையாக்கிய தொடர் என்றால்

அங்கே வேலை தலைகீழாகிறது. ஒத்துப்போவதைத் தேட வேண்டாம், ஒத்துப்போகாததைத் தேடுங்கள். 2019இல் வந்த 'செர்னோபில்' தொடரில் விஞ்ஞானி லெகசோவ், 1988 ஏப்ரல் 26, அதிகாலை 1:23:45க்குத் தூக்கில் தொங்குகிறார். அணு உலை வெடித்து நொடி பிசகாமல் இரண்டாண்டு. நிஜத்தில் அவர் இறந்தது ஏப்ரல் 27. உலானா கோம்யுக் என்ற பெண் விஞ்ஞானி நிஜத்தில் இருந்ததே இல்லை. உதவிய பல விஞ்ஞானிகளுக்குப் பதிலாக உருவாக்கப்பட்டவர், அதைத் தொடரின் முடிவு எழுத்தே சொல்கிறது. 1987இல் நடந்த வழக்கு விசாரணையில் லெகசோவ் இருக்கவே இல்லை. தொடரிலோ உச்சக் காட்சியே அவருடைய சாட்சியம்தான். இவற்றைப் பிழைப் பட்டியலாகப் போட்டு விட்டுவிடாதீர்கள். பொய்க்கு என்ன விலை என்று தொடங்கும் தொடர் அது. ஒருவர் எழுந்து நின்று உண்மையைச் சொல்ல ஒரு மன்றம் தேவைப்பட்டது, வரலாறு அதைத் தரவில்லை, எழுத்தாளர் கட்டினார். மாற்றிய இடங்களைக் கோடு போட்டு இணைத்தால் தொடர் எதைச் சொல்லத் துடித்தது என்பது தெரியும்.

பார்க்க எளிய வழி: தேதி வரும் ஒவ்வொரு காட்சிக்கும் நோட்டில் இரண்டு வரி, தொடர் தேதி மேலே, நிஜத் தேதி கீழே. வேறுபாடு இருந்தால் மூன்றாவது வரியில் ஒரே கேள்வி: இந்த மாற்றத்தால் யாருக்கு நேர் எதிரே யார் வந்து நிற்கிறார்கள்?

படிப்பதற்கு எவ்வளவு

முழு நூலையும் படித்த பிறகுதான் பேச வேண்டும் என்று பயந்து பலர் தொடங்குவதே இல்லை. ஒரு குறிப்புக்கு ஒரு பகுதி போதும். லாக் என்றால் மேலே சொன்ன இரண்டாம் பகுதியின் முதல் அத்தியாயம். ஹியூமுக்கு 1748இல் வந்த மனித அறிவு பற்றிய ஆய்வின் நான்காம் பிரிவு. ரூஸோவுக்குச் சமத்துவமின்மை நூலின் முதல் பாதி. மூன்றுமே காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் முழுதாகக் கிடைக்கும். ஒரு மாலையில் ஒன்று முடியும். படித்த கையோடு அந்த எபிசோடை மூன்றாவது முறை பாருங்கள், இந்தத் தடவை சப்டைட்டிலையும் நோட்டையும் மூடிவிட்டு. டெஸ்மண்ட் அச்சுத்தாள் மடிப்புகளைப் புரட்டி அந்தத் தேதியில் விரல் வைக்கும் இடம் வரும்போது அவர் முகத்தை மட்டும் பாருங்கள்.